மகள் பெயரில் ஒரு டேட்டாபேஸ்



"சார், உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?" என்று கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகள் கேட்பார்கள். வரலாறு நடத்தியே காலம் கழித்தவனுக்கு, யார் கட்டினார்கள், பிறகு அது யார் கைக்குப் போனது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அது கோட்டையானாலும் சரி, மைஎஸ்க்யூஎல் ஆனாலும் சரி.

துறைக்கு வெளியே இருக்கும் உறவினர்களுக்காக: டேட்டாபேஸ் என்பது தாலுகா ஆபீஸ் பதிவேடு மாதிரி. யார் பெயரில் என்ன இருக்கிறது என்று ஒழுங்காக எழுதி வைத்து, கேட்டதும் எடுத்துக் கொடுக்கும். நீங்கள் இதைப் படிக்கும் பேஸ்புக் 2004இல் தொடங்கியபோது அதன் பதிவேடு மைஎஸ்க்யூஎல்தான். விக்கிப்பீடியாவுக்கும் பல வருஷம் அதுவே.

அதை எழுதியவர்களில் முதன்மையானவர் மைக்கேல் விடேனியஸ். மாண்டி என்று கூப்பிடுவார்கள். பின்லாந்துக்காரர். ஆலன் லார்சன், டேவிட் ஆக்ஸ்மார்க் என்ற இருவரும் கூட்டு. தங்கள் கைவசம் இருந்த வேகமான சேமிப்பு முறைக்கு, எம்எஸ்க்யூஎல் என்ற வேறொரு மென்பொருளை இணைத்துப் பார்த்தார்கள். வேகம் போதவில்லை. சரி, நாமே எழுதுவோம் என்று 1995இல் கொண்டுவந்ததுதான் இது. எம்எஸ்க்யூஎல்லுக்காக எழுதிய புரோகிராம்கள் பெரிய மாற்றம் இல்லாமல் இதிலும் ஓடும்படி செய்திருந்தார்கள். கெட்டிக்காரத்தனம்! பெயரில் இருக்கும் 'மை', மாண்டியின் மகள் பெயர். ஆங்கிலத்தில் 'என்னுடைய' என்று வருகிறதே, அது இல்லை.

2000இல் அதை ஜிபிஎல் என்ற உரிமத்தில் திறந்துவிட்டார்கள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் அதே நிபந்தனையோடு கொடுக்க வேண்டும். மூலத்தை வெளியே காட்டாமல் தங்கள் சரக்கோடு சேர்த்து விற்க விரும்பும் கம்பெனிகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு தனி உரிமம். ஒரே வீடு, இரண்டு வாசல். அந்த இரண்டாவது வாசலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

டேட்டாபேஸ் உலகின் ஜாம்பவான் ஆரக்கிள். அது 2005 அக்டோபரில் இன்னோபேஸ் என்ற சின்ன பின்லாந்துக் கம்பெனியை வாங்கியது. ஊரில் பலருக்கு இது ஒரு செய்தியாகவே படவில்லை. ஆனால் மைஎஸ்க்யூஎல்லின் முக்கியமான உள் உறுப்பான இன்னோடிபியை எழுதியது அந்தக் கம்பெனிதான். என் கணக்கில் ஆயிரம் ரூபாய் கழிந்து, உங்கள் கணக்கில் ஏறும் முன் கரண்ட் போய்விட்டால் என்ன ஆகும்? இரண்டும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டுமே நடக்கக் கூடாது. அந்த உத்தரவாதத்தைத் தருவது இன்னோடிபி. அதாவது, வீட்டை விலை பேசுவதற்கு முன்பே அஸ்திவாரத்தை வாங்கிவிட்டார்கள்.

2008 ஜனவரியில் மைஎஸ்க்யூஎல் கம்பெனியை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. மாண்டி அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வெளியேறினார். ஏப்ரலில், சன்னையே 740 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக ஆரக்கிள் அறிவித்தது! மகள் பெயர் வைத்த பிள்ளை போட்டிக்காரன் வீட்டுக்குப் போகிறது. மாண்டி கையெழுத்து இயக்கம் தொடங்கினார். ஐரோப்பிய ஆணையம் செப்டம்பரில் ஆழமான விசாரணையில் இறங்கியது.

மரியாதை ராமன் கதையில் ஒருவன் கிணற்றை விற்றுவிட்டு, "தண்ணீரை விற்கவில்லை" என்று வழக்காடுவான் அல்லவா? இங்கே விசித்திரம், அந்த வாதம் சட்டப்படி பாதி உண்மை. தண்ணீர் ஜிபிஎல் மூலம் ஊருக்குப் பொது. ஜிபிஎல் தரப்பின் பெரிய வழக்கறிஞர் எபென் மோக்லன் அதைத்தான் சொன்னார்: யார் வாங்கினாலும் நிரலை மூட முடியாது, பயம் வேண்டாம். ஆனால் ஜிபிஎல்லைப் படைத்த ரிச்சர்ட் ஸ்டால்மனே எதிர்த்துக் கையெழுத்திட்டார். நிரலை நகல் எடுக்கலாம், அந்த இரண்டாவது வாசலை நகல் எடுக்க முடியாது. காசுக்கு உரிமம் விற்கும் அதிகாரம் பதிப்புரிமை வைத்திருப்பவருக்கு மட்டுமே. அந்த வருமானம் இல்லாமல் நகலை யார் பராமரிப்பது?

எனக்கு ஸ்டால்மன் சொன்னதே சரியாகப் படுகிறது. தூர் வார ஆள் இல்லாத பொதுக்கிணறு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா! மாண்டி விஷயத்தில் மட்டும் மனம் முழுதாக ஒப்பவில்லை. கம்பெனியில் வெளி முதலீட்டாளர்கள் இருந்தார்கள், முடிவு அவர் ஒருவருடையது அல்ல, எல்லாம் உண்மை. ஆனாலும் கிரயம் முடிந்த சொத்து அடுத்து யாரிடம் போகிறது என்று விற்றவர் மறிப்பது சங்கடமான காரியம்.

டிசம்பரில் ஆரக்கிள் 10 வாக்குறுதிகள் கொடுத்தது. 2010 ஜனவரியில் ஆணையம் அனுமதித்தது. அதற்குள் மாண்டி நகல் எடுத்து வேறு பெயரில் வளர்க்கத் தொடங்கிவிட்டார். இந்த முறை இளைய மகள் பெயர்: மரியாடிபி. (நடுவில் மகன் மேக்ஸ் பெயரிலும் ஒன்று உண்டு, மேக்ஸ்டிபி. வீட்டில் சண்டை வராமல் பார்த்துக்கொண்டார் போலும்!)

விக்கிப்பீடியா 2013இல் மரியாவுக்கு மாறியது. ரெட்ஹாட் லினக்ஸ் 2014இல், டெபியன் 2017இல். மைஎஸ்க்யூஎல்லும் சாகவில்லை. ஆரக்கிள் அதைத் தொடர்ந்து வளர்த்து, 2018இல் 8.0 பதிப்பைக் கொண்டுவந்தது. பயந்தது அப்படியே நடக்கவில்லை. போட்டிக்கு மரியா வந்து நின்றதும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

மரியாவின் கதையும் அமைதியாகப் போகவில்லை. அதன் கம்பெனி 2022 டிசம்பரில் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனது, பங்கு விலை சரிந்தது, 2024இல் கே1 என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கிவிட்டது. ஆனால் 2012இலேயே மரியாடிபி அறக்கட்டளை என்று தனியாக ஒன்றை அமைத்திருந்தார்கள். கம்பெனி கை மாறினாலும் அறக்கட்டளை கை மாறவில்லை. முதல் மகளுக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை.

கல்லூரியில் எக்ஸாம்ப் போட்டு வெப் டெவலப்மென்ட் படித்த பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. 2015 அக்டோபருக்குப் பிறகு அதை இறக்கியவர்களுக்கு, பொத்தானில் எழுதியிருப்பது மைஎஸ்க்யூஎல், உள்ளே ஓடுவது மரியா.