மூடியில்லா லைப்பேஸ்: ஒரு பாக்டீரிய நொதியின் படிக அமைப்பு

லைப்பேஸ் ஏ என்பது மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியா உடலுக்கு வெளியே சுரக்கும் நொதி. எண்ணெய், கொழுப்பு மூலக்கூறுகளிலுள்ள எஸ்டர் பிணைப்புகளை நீரின் துணையோடு அறுத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரிப்பது இதன் வேலை. இதில் இருப்பவை 181 அமினோ அமிலங்கள் மட்டுமே. மூலக்கூறு எடை ஏறத்தாழ 19 கிலோ டால்டன். அறியப்பட்ட லைப்பேஸ்களில் மிகச் சிறியவற்றுள் இதுவும் ஒன்று.

நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாவுகே டைக்ஸ்ட்ராவின் குழுவும் ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் கார்ல் எரிக் யேகரின் குழுவும் இணைந்து, 2001இல் இதன் படிக அமைப்பை வெளியிட்டன. தூய்மையாக்கிய நொதியைப் படிகமாக வளர்த்து, அதன் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தி, கதிர் சிதறிய கோலத்திலிருந்து அணுக்களின் இடங்களைக் கணக்கிட்டார்கள். கிடைத்த நுட்பம் 1.5 ஆங்ஸ்ட்ராம். இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான ஒற்றைப் பிணைப்பின் நீளமும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

நொதியின் நடுவே ஆறு இழைகள் இணையாக அடுக்கப்பட்ட பீட்டா தகடு உள்ளது. அதன் இருபுறமும் ஆல்பா சுருள்கள் அணைத்து நிற்கின்றன. 1992இல் ஐந்து வெவ்வேறு நொதிகளை ஒப்பிட்டபோது இனங்காணப்பட்ட 'ஆல்பா/பீட்டா ஹைட்ரோலேஸ் மடிப்பு' இதுவே. அந்த மடிப்பின் முழு வடிவில் எட்டு இழைகள் உண்டு; லைப்பேஸ் ஏயில் முதல் இரண்டும் இல்லை.

வெட்டும் வேலையை மூன்று அமினோ அமிலங்கள் பகிர்ந்துகொள்கின்றன. 77ஆம் இடத்துச் செரின் எஸ்டர் பிணைப்பைத் தாக்குகிறது. 156ஆம் இடத்து ஹிஸ்டிடின் செரினின் புரோட்டானை வாங்கிக்கொண்டு அதைத் தூண்டிவிடுகிறது. ஹிஸ்டிடினை உரிய நிலையில் பிடித்து வைப்பது 133ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலம். சங்கிலியில் தள்ளித்தள்ளி இருக்கும் இம்மூன்றும் புரதம் மடிந்தபின் ஒரே இடத்தில் கூடுகின்றன; அதுவே வினைமையம். செரினோடு ஒட்டிய கொழுப்பு அமிலத்தைக் கடைசியில் ஒரு நீர் மூலக்கூறு வந்து விடுவிக்கிறது.

இந்த அமைப்பு ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்ததற்குக் காரணம், இதில் இல்லாத ஓர் உறுப்பு. கணைய லைப்பேஸின் வேகம் எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பில் சட்டென்று கூடுவதை 1958இல் ஆய்வாளர்கள் சர்தாவும் தெனுவேலும் கண்டார்கள். 1990இல் வெளியான முதல் லைப்பேஸ் படிக அமைப்புகள், மனிதக் கணையத்திலும் ரைசோமியூக்கர் பூஞ்சையிலும் வினைமையத்தின் மேல் ஒரு மூடி இருப்பதைக் காட்டின. எண்ணெய்ப் பரப்பைத் தொட்டால் அது திறந்துகொள்ளும். பாக்டீரிய லைப்பேஸ்களில் முதன்முதலாக 1993இல் அமைப்பு வெளியான சூடோமோனாஸ் குளுமே நொதிக்கும் மூடி உண்டு. லைப்பேஸ் ஏயில் அது கிடையாது. வினைபுரியும் செரின் நீரை நோக்கித் திறந்தே இருக்கிறது. எனவே எண்ணெய்ப் பரப்பைத் தொடும்போது வேகம் கூடும் அந்தப் பண்பும் இதற்கு இல்லை.

இதன் குறை, வெப்பத்தில் நிலைக்காமை. சுமார் 56 டிகிரி செல்சியஸிலேயே மடிப்பு குலைந்துவிடும். ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்கள், மரபணுவில் தற்செயல் மாற்றங்களைப் புகுத்திச் சிறந்தவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையால் இதை வலுப்படுத்தினார்கள். 12 அமினோ அமிலங்கள் மாறிய ஒரு வடிவம் இயல்பான நொதியைவிடச் சுமார் 22 டிகிரி கூடுதலாகத் தாங்கியது. அதையும் படிகமாக்கி, எந்த மாற்றம் எந்தப் பகுதியை இறுக்கியது என்று பார்த்தார்கள்.

அளவில் சிறியதாகவும் மூடி இல்லாமலும் இருப்பதால் நொதிப் பொறியியலுக்கு இது வாய்ப்பான மாதிரியாயிற்று. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 181 இடங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, அங்கே மற்ற 19 அமினோ அமிலங்களையும் மாற்றி வைத்துச் சோதித்துள்ளனர். அப்படி உருவாகக்கூடிய ஒற்றை மாற்ற வடிவங்கள் மொத்தம் 3,439.