காரீயமும் போர்க்காலக் கொழும்பும்

வெள்ளவத்தை நெசவாலையைக் கொழும்புத் தமிழர் இன்றும் நினைவுகூருவர். ஆலை நின்ற நிலத்தில் ஹவ்லொக் சிற்றி எழுந்த பின்னரும் அப்பெயர் அழிந்திலது. கொழும்பின் காரீயக் களங்களையோ நினைப்பார் அரியர். எனினும், வீட்டுப் பாவனைப் பொருள் செய்யும் நிறுவனம் போருக்கும் பொருள் வழங்குமாறு எங்ஙனம் என ஆராய விழைவார்க்கு அக்களங்களே தக்க சான்றாகும்.

அமெரிக்காவின் சேலம் நகரில் 1827இல் தொழில் தொடங்கிய ஜோசப் டிக்சன் என்பார், இலங்கையிலிருந்து மீளும் கப்பல்களில் அடிப்பாரமாக வந்த காரீயத்தைப் பயன்கொண்டார். அவர் முதலிற் செய்தவை பென்சிலும் அடுப்பு மெருகுமாம். பென்சில் விலைபோகவில்லை, அடுப்பு மெருகே கைகொடுத்தது. 1846இல் மெக்சிக்கோவுடன் போர் மூண்டது. உலோகம் உருக்கும் மூசைகளுக்குத் தேவை பெருகவே, 1847இல் ஜெர்சி நகரில் மூசைத் தொழிற்சாலை எழுந்தது. பிற்காலத்தில் அந்நிறுவனம் ‘டிக்சன் மூசைக் கம்பனி’ எனப் பெயர் பூண்டது. உலகம் அதனை அறிந்ததோ பென்சிலால்.

சுரங்கத்தினின்று வந்த காரீயம் கொழும்புக் களங்களில் வெயிலில் உலர்த்தப்பட்டது. பெரும்பாலும் பெண்களே அங்கு வேலைசெய்தனர். சிறு கோடரியாற் கல்லைக் கொத்தி நீக்கி, கட்டிகளை ஈரக்கையாற் சாக்கில் தேய்த்து மெருகேற்றி, கட்டி, சில்லு, தூள் எனத் தரம் பிரித்துப் பீப்பாக்களில் அடைத்தனர். மூசைக்குச் சிறந்தது கட்டியே. தூளிற் பெரும்பகுதி மெருகுக்கும் வர்ணப்பூச்சுக்கும் வார்ப்பச்சுக்கும் சென்றது. ஆகவே, அடுப்படிக்குரியதையும் ஆயுதசாலைக்குரியதையும் முதலிற் பிரித்த கை, அவ்வேறுபாட்டை அறியாத கூலிப்பெண்ணின் கையே எனல் மிகையன்று.

முதலாம் உலகப்போரில் தோட்டாக் கூடுகளுக்கான பித்தளையும் கருவிகளுக்கான உருக்கும் காரீய மூசைகளில் உருக்கப்பட்டன. 1916இல் இலங்கையின் ஏற்றுமதி 33,000 தொன்னைக் கடந்து உச்சத்தை எட்டிற்று. 1918இல், கப்பற் பற்றாக்குறையால், அமெரிக்க அரசு காரீய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. பின் போர் ஓய்ந்தது; மின்னுலைகள் மூசைகளின் இடத்தைப் பற்றின; மடகாஸ்கார்க் காரீயம் மலிவாய்ப் போட்டியிட்டது. இலங்கைச் சுரங்கங்கள் பல மூடுண்டன.

இங்கு ஒன்று கருதத்தக்கது. ஜெர்சி நகரக் கம்பனிக்கு மூசை குறைந்தாலும் பென்சில் இருந்தது. கொழும்புக்கோ மூசைக்கு ஈடான மாற்றுச் சந்தை இல்லை. மூலப்பொருளை மட்டும் விற்கும் நாட்டின் நிலை அதுவே. சுரங்க உடைமையாளர் ஈட்டிய செல்வம் நிலைத்தது. டி. எஸ். சேனாநாயக்க, சேர் ஜோன் கொத்தலாவல ஆகிய இரு பிரதமரின் குடும்பங்களும் காரீயத்தாற் செழித்தவையே. நாட்கூலி பெற்ற பெண்களுக்கு, பீப்பா நிரம்பாத நாளிற் கூலியும் இல்லை.

இரண்டாம் உலகப்போரில் ஏற்றுமதி மீண்டும் உயர்ந்து, போர் முடிய மீண்டும் வீழ்ந்தது. 1971இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. கஹட்டகஹவிலும் போகலவிலும் காரீயம் இன்றும் அகழப்படுகின்றது.