அட்டவணையில் ஒரு வரி: தேர்ந்தெடுத்தலின் வரலாறு

கணிப்பொறித் திரையில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஐம்பது மாணவர்களின் பெயர்களும் மதிப்பெண்களும் அதில் வரிவரியாக உள்ளன. சுட்டியை ஒரு வரியின்மேல் நகர்த்திப் பொத்தானை அழுத்துகிறோம். அந்த வரி நிறம் மாறுகிறது. அடுத்து 'நீக்கு' என்று ஆணையிட்டால், அந்த மாணவரின் பதிவு மட்டும் மறைகிறது. நிறம் மாறிய வரியும் நீக்கப்படும் பதிவும் ஒன்றே என்பதற்கு என்ன உறுதி? இந்த உறுதியைப் பெறுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

அட்டையிலிருந்து திரைக்கு

திரை வருமுன் தேர்ந்தெடுத்தல் என்பது கையால் பிரித்தெடுப்பதே ஆகும். 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் என்பவரின் துளையிட்ட அட்டைகள் பயன்பட்டன. ஆளுக்கு ஓர் அட்டை. துளைகள் அமைந்த விதத்துக்கேற்பப் பெட்டியின் ஓர் அறை தானே திறக்கும். பணியாளர் அட்டையை அதில் இடுவார். அட்டையே இடம் மாறிவிடுவதால் ஐயத்துக்கு இடமில்லை. திரையிலோ எதுவும் இடம் மாறுவதில்லை. ஓர் அடையாளம் மட்டுமே தோன்றுகிறது.

1963-இல் ஐவன் சதர்லாந்து, தமது 'ஸ்கெட்ச்பேட்' அமைப்பில் ஒளிப்பேனாவால் திரையிலுள்ள கோடுகளைச் சுட்டிக் காட்டினார். 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட், சுட்டியின் துணையுடன் கடைச் சாமான் பட்டியல் ஒன்றைத் திரையில் பிரித்து அடுக்கிக் காட்டினார். ஆனால் அவருடைய அமைப்பில் 'சொல்லை நீக்கு' என்ற ஆணையை முதலில் தர வேண்டும். அதன் பிறகே எந்தச் சொல் என்று சுட்ட வேண்டும்.

ஒரு சொல்லால் வந்த வினை

கலிபோர்னியாவிலுள்ள செராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் 1974-இல் 'பிராவோ' என்னும் எழுத்துத் திருத்தி உருவாயிற்று. அதில் ஒரே எழுத்துவிசை சில வேளைகளில் எழுத்தாகவும், சில வேளைகளில் ஆணையாகவும் வேலை செய்தது. ஆணை நிலையில் இருப்பதை மறந்து ஒருவர் 'எடிட்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் என்ன நேரும்? முதல் எழுத்து, 'அனைத்தையும் தேர்ந்தெடு', இரண்டாவது, 'நீக்கு', மூன்றாவது, 'இடையில் சேர்'. நான்காவது எழுத்து மட்டும் உரையாகப் பதியும். முழுக் கட்டுரையும் போய் ஓர் எழுத்து மட்டுமே மிஞ்சும்!

இத்தகைய இடர்களைப் போக்க முனைந்தவர் லாரி டெஸ்லர். அவரும் டிம் மாட்டும் பாடநூல் பதிப்பகம் ஒன்றுக்காக 1975 வாக்கில் 'ஜிப்சி' என்னும் திருத்தியை அமைத்தனர். அதில் எழுத்துவிசை எப்போதும் எழுத்தே. பொத்தானை அழுத்தியபடி சுட்டியை இழுத்துப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது முதல் படி. ஆணை இரண்டாவது படி. முதலில் 'எது', பிறகு 'என்ன செய்வது' என்ற இந்த முறையே 1981-இல் செராக்ஸ் ஸ்டார், 1983-இல் ஆப்பிள் லிசா, 1984-இல் மெக்கின்டாஷ் ஆகியவற்றின் வழியே பரவியது.

தேர்வுக்குத் தனி ஏடு

1978-79-இல் பார்க் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்த நார்வே நாட்டு அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக் மற்றொரு கருத்தைத் தந்தார். விவரம் வேறு, அதைத் திரையில் காட்டும் காட்சி வேறு, பயனரின் செயலை ஏற்கும் பகுதி வேறு. இவற்றைக் கலக்கக் கூடாது.

1998-இல் ஜாவா மொழியுடன் வந்த 'ஸ்விங்' தொகுப்பின் அட்டவணை இவ்வழியில் அமைந்தது. விவரங்கள் ஓர் ஏட்டில் உள்ளன என்றால், எந்தெந்த வரிகள் தேர்வாயின என்ற குறிப்பு வேறோர் ஏட்டில் இருக்கிறது. அந்த ஏட்டை மூன்று விதமாக அமைக்கலாம்: ஒரு வரி மட்டும், தொடர்ச்சியான வரிகள், விட்டுவிட்டு வரும் பல வரிகள். முதலில் தொட்ட வரி நங்கூரம்போல் நிற்கும். ஷிஃப்ட் விசையுடன் வேறொரு வரியைத் தொட்டால் இடைப்பட்டவை அனைத்தும் சேரும்.

நிரல் எழுதுவோர் இந்த விதிகளைத் தம் தேவைக்கேற்ப மாற்றியும் அமைக்கலாம். தொட்டால் சேரவும் மறுபடி தொட்டால் விலகவும் செய்யலாம். கட்டணம் செலுத்தி முடித்தவரின் வரியைத் தேர்ந்தெடுக்கவே இயலாமல் தடுக்கலாம். விவர ஏட்டைத் தொடாமலே இவ்வளவும் முடிகிறது.

எண் ஒன்று, ஆள் வேறு

எனினும் இதில் ஒரு கண்ணி உண்டு. 2006-இல் வெளிவந்த ஜாவா 6, அட்டவணையைத் திரையில் மட்டும் வரிசை மாற்றிக் காட்டும் வசதியைத் தந்தது. மதிப்பெண்படி அடுக்கினால் திரையில் முதலில் நிற்கும் மாணவர், விவர ஏட்டில் முப்பத்தேழாவது இடத்தில் இருக்கக்கூடும். திரையின் முதல் வரி தேர்வாயிற்று என்பதற்காக நிரல் ஏட்டின் முதல் பதிவை நீக்கினால், சம்பந்தமே இல்லாத ஒருவரின் மதிப்பெண் அழிந்துபோகும்! ஆகவே திரை எண்ணை ஏட்டு எண்ணாக மாற்றித் தரும் வழியும் அதே பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதைப் பயன்படுத்துவது நிரல் எழுதுபவரின் பொறுப்பு.

நிறம் மாறும் அந்த ஒரு வரி, பயனருக்குக் கணிப்பொறி அளிக்கும் வாக்குறுதி: 'நீங்கள் காட்டியதையே தொடுவேன், மற்றதைத் தொடமாட்டேன்.' ஒவ்வொரு வரியின் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை மறவாமல் எழுதும் நிரலே அவ்வாக்கைக் காப்பாற்றும்.