டெபியன் பொதிகளில் மூலநிரல் மாற்றங்கள்: ஒற்றைத் தொகுப்பிலிருந்து தனித்தனிப் பேட்சுகளுக்கு

லினக்ஸ் வழங்கல் ஒன்று பயனர்களுக்கு அளிக்கும் மென்பொருள்களில் பெரும்பாலானவை அந்த வழங்கலைச் சேர்ந்தவர்கள் எழுதியவை அல்ல. வேறிடத்தில் எழுதி வெளியிடப்பட்ட மூலநிரலை எடுத்து, கோப்புகள் அமைய வேண்டிய இடங்களை மாற்றி, பிழைகளைக் களைந்து, பாதுகாப்புக் குறைகளை அடைத்து, நிறுவத்தக்க பொதியாக்குவதே பராமரிப்பாளரின் பணியாகும். மூல ஆசிரியர்கள் புதிய பதிப்பை வெளியிடும்போதெல்லாம் இம்மாற்றங்களை அதன்மேல் மீண்டும் பொருத்த வேண்டியிருப்பதால், மாற்றத்தைச் செய்வதைவிட அதைக் காத்து வைப்பதே கடினமான வேலையாகிறது. 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டம் இச்சிக்கலை எதிர்கொண்ட விதம் இங்கு ஆராயப்படுகிறது.

இதற்கான கருவிகள் லினக்ஸுக்கு முற்பட்டவை. இரு கோப்புகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பட்டியலிடும் டிஃப் 1970-களில் பெல் ஆய்வகத்தில் உருவானது. அப்பட்டியலைக் கொண்டு பழைய கோப்பைத் திருத்தும் பேட்ச் என்னும் நிரலை, பிற்காலத்தில் பெர்ல் மொழியைப் படைத்த லாரி வால் 1985-இல் வெளியிட்டார். வரி எண்களை மட்டும் நம்பாமல், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளைக் கொண்டு இடத்தைக் கண்டறிவதும், அவ்வரிகள் சற்றே வேறுபட்டிருந்தாலும் ஏற்றுக்கொள்வதும் அதன் தனித்திறன்கள். இந்தத் தளர்வு வசதியானது என்றாலும், மாற்றம் தவறான இடத்தில் போய் அமர்வதற்கும் அதுவே வழிவிட்டது.

டெபியனின் 1.0 மூலப்பொதி வடிவத்தில், ஆசிரியர் வெளியிட்ட மூலக் கோப்புத் தொகுதி ஒருபுறமும், பராமரிப்பாளர் செய்த எல்லா மாற்றங்களையும் ஒருசேர அடக்கிய ஒரே டிஃப் கோப்பு மறுபுறமும் இருந்தன. மூலம் கலப்பின்றிக் கிடைத்தது இதன் நிறை. பொதியாக்கத்துக்கான ஆணைகளும், பிழைத்திருத்தங்களும், பராமரிப்பாளரின் சொந்த விருப்பங்களும் ஒரே குவியலில் கலந்து, எது எதற்காகச் செய்யப்பட்டது என்று பிரித்தறிய முடியாமற்போனது இதன் குறை. 1990-களின் நடுப்பகுதியிலேயே ரெட் ஹேட்டின் ஆர்.பி.எம். பொதிகளில் ஒவ்வொரு பேட்சும் தனிக் கோப்பாக எண்ணிடப்பட்டு வந்ததை நோக்க, டெபியன் இதில் பின்தங்கியிருந்தது என்றே கூற வேண்டும். குறையை உணர்ந்த பராமரிப்பாளர்கள் டிபேட்ச், குவில்ட் போன்ற தனிக்கருவிகளைத் தத்தம் பொதிகளுக்குள் புகுத்தினர். விளைவாக, பிறர் பொதியில் அவசரப் பாதுகாப்புத் திருத்தம் செய்ய வருபவர் முதலில் அப்பொதியின் முறை எதுவென்று கற்க வேண்டியிருந்தது.

மாற்றங்கள் கண்ணுக்குப் புலப்படாமையின் விலையை, குறியாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல் தொடர்பான நிகழ்வு காட்டியது. நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவி எழுப்பிய எச்சரிக்கையை நீக்கும் நோக்கில், 2006 செப்டம்பரில் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில் ஒரே தோற்றமுடைய இரு வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்றை நீக்கியதால் பெருந்தீங்கில்லை. மற்றொன்றோ, சமவாய்ப்பு எண் ஆக்கிக்குள் புறத்திலிருந்து வரும் கணிக்கவியலாத தரவைக் கலக்கும் வரி. அது போனபின் எஞ்சிய வேறுபாடு நிரலின் செயல்முறை எண் மட்டுமே என்பதால், குறிப்பிட்ட வகை, நீளம் கொண்ட சாவிகள் 32,768-க்குள் அடங்கிவிட்டன. மாற்றம் குறித்து மூல ஆசிரியர்களிடம் முன்கூட்டிக் கேட்கப்பட்டிருந்தும், முழுப் பேட்சாக அது அவர்களின் பரிசீலனைக்குச் செல்லவில்லை. லூசியானோ பெல்லோ கண்டறிந்து, 2008 மே 13 அன்று அறிவிப்பு வெளியாகும்வரை, உபுண்டு உள்ளிட்ட வழிவந்த வழங்கல்களிலும் உருவான எஸ்.எஸ்.எச். சாவிகளும் சான்றிதழ்களும் வலுவிழந்தே இருந்தன; பிறகு அவற்றை மீண்டும் உருவாக்க வேண்டியதாயிற்று.

வடிவ மாற்றத்துக்கு இந்நிகழ்வே காரணம் எனல் மிகை. குவில்ட் அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே புழக்கத்தில் இருந்தது. லினக்ஸ் கருநிரலுக்கான பேட்சுகளைக் கையாள ஆண்ட்ரூ மார்ட்டன் எழுதிவைத்த சிறுநிரல்களிலிருந்து வளர்ந்த அக்கருவி, பேட்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றவும் மாட்டவும் இடமளித்தது. ரஃபேல் ஹெர்ட்சோக் முன்னின்று உருவாக்கிய 3.0 குவில்ட் வடிவம் இம்முறையை டெபியனின் பொதுமுறையாக்கியது. 2009 நவம்பரில் காப்பகம் அதனை ஏற்றது. இதன்படி ஒவ்வொரு மாற்றமும் பெயருள்ள தனிக் கோப்பாகிறது; அவை பொருத்தப்பட வேண்டிய வரிசையைச் ‘சீரீஸ்’ என்னும் கோப்பு கூறுகிறது. சூழ்ந்துள்ள வரிகள் பொருந்தாத பேட்சைத் தளர்வுடன் ஏற்கும் பழைய வழக்கத்தையும் இது கைவிட்டது: வரி எண் நகர்ந்திருக்கலாம், சூழல் மாறியிருக்கக் கூடாது.

அதே ஆண்டு வகுக்கப்பட்ட டெப்-3 என்னும் நெறிமுறை, பேட்சின் தலைப்பில் அதன் விளக்கம், தோற்றுவாய், மூல ஆசிரியருக்கு அனுப்பப்பட்டதா என்பன போன்ற புலங்களைப் பரிந்துரைத்தது. இவ்வளர்ச்சி முழுவதிலும் இதுவே முதன்மையானது. ஏனெனில் ஓபன்எஸ்எஸ்எல் மாற்றத்தில் விடுபட்டது பேட்சைப் பொருத்தும் நுட்பமன்று, அதைப் பற்றிய கணக்கு. பின்னர் கிட் களஞ்சியங்களுக்குப் பராமரிப்பாளர்கள் மாறியதும், இயன் ஜாக்சன் டிகிட் கருவியை உருவாக்கியதும் வேலையை எளிதாக்கினவே தவிர, இக்கணக்கின் தேவையை நீக்கவில்லை. டெப்-3 இன்றும் பரிந்துரை மட்டுமே. தலைப்புப் புலங்கள் வெறுமையாக இருந்தாலும் பேட்ச் பொருந்தும், பொதியும் உருவாகும்.