16 பாயிண்ட்: ஜோ குவான்யூவும் சீனாவின் நீண்ட காத்திருப்பும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு முதல்ல மூணு நம்பர். 68 ரேஸ். 16 பாயிண்ட். போடியம் ஒண்ணுகூட இல்லை.

ஃபார்முலா 1-ல் மூன்று முழு சீசன் ஓட்டிய ஒருவரின் மொத்தக் கணக்கு இது. இதை மட்டும் பார்த்தா "சரி, சுமாரான டிரைவர்"னு சொல்லிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிடலாம். நிறைய பேர் அப்படித்தான் போனாங்க. ஆனால் இந்த 16-க்கு முன்னால் சீனாவின் கணக்கு பூஜ்யம். உலக சாம்பியன்ஷிப் தொடங்கியது 1950-ல். அதிலிருந்து 2022 மார்ச் வரைக்கும் ஒரு சீன டிரைவர்கூட ஒரு ரேஸில் ஸ்டார்ட் ஆனதில்லை.

அதை மாத்தினவர் ஜோ குவான்யூ. சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும், அதனால் "ஜோ" என்பதுதான் குடும்பப் பெயர். அவரோட கதையைச் சொல்லும்போது கூடவே ஒரு கேள்வியையும் எடுத்துக்கலாம்: உலகத் தரமான ரேஸ் டிராக்கைக் கட்டி முடித்த நாட்டுக்கு, அதில் ஓட்ட ஒரு டிரைவர் கிடைக்க ஏன் 17 வருஷத்துக்கு மேல ஆச்சு?

டிராக் வந்தது, டிரைவர் வரலை

2004 செப்டம்பர் 26. ஷாங்காயின் ஜியாடிங் பகுதியில் முதல் சீன கிராண்ட் பிரீ. ஜெர்மன் வடிவமைப்பாளர் ஹெர்மன் டில்கே போட்ட டிராக், ஒரு லேப் 5.451 கிலோமீட்டர். மேலிருந்து பார்த்தால் ஷாங்காயின் பெயரில் வரும் "ஷாங்" என்ற சீன எழுத்தின் வடிவம் தெரியும். அன்னைக்கு ஜெயிச்சது ஃபெராரியின் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ.

கூட்டத்தில் ஐந்து வயசுப் பையன் ஒருத்தன் இருந்தான். 1999 மே 30-ல் ஷாங்காயில் பிறந்தவன். அவனுக்குப் பிடிச்சது ரெனோ காரை ஓட்டிய ஃபெர்னாண்டோ அலோன்சோ. இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்பி வரும்.

டிராக் கட்ட நிலம், பணம், இன்ஜினியர்கள் இருந்தால் போதும், சில வருஷத்தில் முடிஞ்சிடும். டிரைவர் உருவாகிற விதம் வேற. ஏழெட்டு வயசில் கார்ட்டிங் ஆரம்பிக்கணும். வார வாரம் தன்னைவிட வேகமான பசங்களோட மோதித் தோற்கணும். கார்ட் செட்டப் தெரிந்த மெக்கானிக், தப்பைச் சொல்லிக் கொடுக்கிற கோச், பார்த்து எடுத்துக்கொள்ளும் டீம் எல்லாம் பக்கத்திலேயே இருக்கணும். இவையெல்லாம் இத்தாலியிலும் பிரிட்டனிலும் பல தலைமுறையாக ஊறிப்போன விஷயங்கள். ஷாங்காயில் அன்னைக்கு இருந்தது மேல் மாடி மட்டும்தான். ஏறிப்போகப் படிக்கட்டு இல்லை.

இடையில் முயற்சி நடக்காமல் இல்லை. நெதர்லாந்தில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த ஹோ-பின் டங், 2010-ல் ரெனோ டீமின் ரிசர்வ் டிரைவராக இருந்தார். ரேஸ் கிடைக்கவில்லை. அடுத்து மா சிங்ஹுவா. 2012-ல் இத்தாலியின் மான்ஸாவில், வெள்ளிக்கிழமை முதல் பிராக்டிஸில் ஹெச்ஆர்டி காரை ஓட்டினார். கிராண்ட் பிரீ வார இறுதியில் கார் ஓட்டிய முதல் சீனர் அவர்தான். அந்த ஒரு செஷனுக்கு அவருக்காக சீட்டை விட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். அந்த சீசன் முடிவில் ஹெச்ஆர்டி டீமே காணாமல் போனது.

12 வயசில் ஷெஃபீல்டு

ஜோ எட்டு வயசில் கார்ட்டிங் ஆரம்பித்தார். 12 வயசு வந்தபோது ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது: ஷாங்காயிலேயே இருந்தால் இதற்கு மேல் போக முடியாது. 2012-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குக் குடிபோனார். புது மொழி, புதுப் பள்ளிக்கூடம், புதுச் சாப்பாடு, வார இறுதியானால் மழை ஈரத்தில் கார்ட் ரேஸ். அடுத்த வருஷமே பிரிட்டனின் சூப்பர் 1 தொடரில் ரோட்டக்ஸ் மேக்ஸ் ஜூனியர் பட்டம். 2014-ல் ஃபெராரி டிரைவர் அகாடமியில் இடம். 2015-ல் இத்தாலிய ஃபார்முலா 4-ல் இரண்டாம் இடம்.

இதுவரைக்கும் கேட்டால் ராக்கெட் மாதிரி இருக்கும். ஆனால் அடுத்து வந்த யூரோப்பியன் ஃபார்முலா 3-ல் மூன்று வருஷம் ஓட்டியும் ஒரு தடவைகூட முதல் ஐந்துக்குள் சீசனை முடிக்கவில்லை. அந்தத் தொடரில் 2017 சாம்பியன் லாண்டோ நாரிஸ், 2018 சாம்பியன் மிக் ஷூமாக்கர். மிக் அவருடைய டீம்மேட்டும்கூட. அந்த வருஷத்தோடு ஃபெராரி அகாடமியை விட்டு ரெனோ பக்கம் போனார்.

பல பேரோட கதை இங்கேயே முடிஞ்சிருக்கும். ஜோ 2019-ல் ஃபார்முலா 2-க்கு ஏறினார். அந்த வருஷம் ஸ்பா டிராக்கில் நடந்த விபத்தில் இளம் பிரெஞ்சு டிரைவர் ஆன்டுவான் ஹூபேர் இறந்துபோனார். சிறந்த புதுமுகத்துக்கு அவர் பெயரில் விருது ஏற்படுத்தினாங்க. அதை முதலில் வாங்கியவர் ஜோ. 2021-ல் நான்கு ரேஸ் ஜெயித்து, தொடரில் மூன்றாம் இடம்.

"காசு கொடுத்து வந்தவர்"

2021 நவம்பரில் ஆல்ஃபா ரோமியோ அறிவித்தது: அடுத்த சீசனில் வால்டெரி போட்டாஸுடன் ஜோ. பழைய டிரைவர் அன்டோனியோ ஜோவினாட்ஸி வெளியே. பணம் பேசும்போது இந்த விளையாட்டு இரக்கம் பார்க்காது என்ற பொருளில் ஜோவினாட்ஸி சமூக ஊடகத்தில் எழுதினார். அங்கிருந்து "பே டிரைவர்" என்ற முத்திரை ஜோ மேல் விழுந்தது.

இதில் இரண்டு பக்கமும் பார்க்கணும். பணம் வந்தது உண்மை. சீனச் சந்தைக்குள் நுழைய ஒரு சீன டிரைவர் வேணும்னு எல்லோருக்கும் ஆசை இருந்ததும் உண்மை. அதே 2021-ல் ஃபார்முலா 2 சாம்பியன் ஆஸ்கர் பியாஸ்ட்ரி, ஜோ இருந்த அதே அகாடமிக்காரர். சாம்பியன் 2022 முழுக்க ரிசர்வ் பெஞ்சில். மூன்றாம் இடக்காரருக்கு சீட். அது நியாயமா? எனக்கும் முழுசா நியாயமாத் தெரியலை.

ஆனா இன்னொரு பக்கம்: ஃபார்முலா 1 ஓட்ட சூப்பர் லைசென்ஸ் வேணும். அதற்குக் கீழ்நிலைத் தொடர்களில் 40 புள்ளி சேர்த்திருக்கணும். அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஃபார்முலா 2-ல் மூன்றாம் இடம் வந்தவர் அந்தத் தகுதியை டிராக்கில்தான் சம்பாதித்தார். மேலும், ஃபார்முலா 1 வரைக்கும் வந்த எந்தப் பையனுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் பணம் இருக்கும்: அப்பா, அகாடமி, இல்லைன்னா ஒரு கம்பெனி. நரேனுக்குப் பின்னால் டாடா இருந்தது. ஐரோப்பாவில் அந்தப் பணம் சின்ன வயசிலேயே சத்தமில்லாமல் செலவாகிவிடும். வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கடைசி வாசலில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வருது. முத்திரையும் அவங்க மேலதான் விழுது.

பஹ்ரைன்: ஒரு பாயிண்ட்

2022 மார்ச் 20, முதல் ரேஸ். கார் எண் 24, அவருக்குப் பிடித்த கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டின் நினைவாக. 15-ஆம் இடத்தில் ஸ்டார்ட். தொடக்கத்திலேயே கார் ஆன்டி-ஸ்டால் மோடுக்குப் போய்விட்டது. இன்ஜின் அணையாமல் இருக்க, கார் தானாகவே கிளட்ச்சை விடுவித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. மத்தவங்க எல்லாம் தாண்டிப் போக, கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டார்.

அங்கிருந்து ஒவ்வொருவராகப் பிடித்தார். கடைசி லேப்களில் இரண்டு ரெட் புல் கார்களும் நின்றுபோனதும் உதவியது. முடிவில் 10-ஆம் இடம், ஒரு பாயிண்ட். அவருக்கு நேர் முன்னால் 9-ஆம் இடத்தில் முடித்தவர் ஃபெர்னாண்டோ அலோன்சோ. ஐந்து வயசில் ஷாங்காய் கேலரியில் இருந்து யாருக்காகக் கைதட்டினாரோ, முதல் ரேஸில் அவருக்குப் பின்னால் அடுத்த காராகக் கோட்டைத் தாண்டினார். இது நான் சேர்த்த மசாலா இல்லைங்க, ரிசல்ட் ஷீட்டே அப்படித்தான் இருக்கு.

சில்வர்ஸ்டோன்: ஹேலோ

2022 ஜூலை 3. பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ. 9-ஆம் இடத்தில் இருந்து ஸ்டார்ட். முதல் திருப்பத்துக்குப் போகும்போது பியர் கேஸ்லியின் காரும் ஜார்ஜ் ரஸ்ஸலின் காரும் உரச, ரஸ்ஸலின் கார் ஜோ மேல் மோதியது. ஜோவின் கார் தலைகீழாகக் கவிழ்ந்து, அப்படியே தேய்த்துக்கொண்டே போய், சரளைக்கல்லில் துள்ளி, டயர் தடுப்பைத் தாண்டி, ரசிகர்களுக்கு முன்னால் இருக்கும் வேலிக் கம்பியில் இடித்து, தடுப்புக்கும் வேலிக்கும் நடுவில் விழுந்தது. ரஸ்ஸல் தன் காரை விட்டு இறங்கி ஓடிவந்தார்.

இன்ஜினியரிங் கண்ணால் இதைக் கொஞ்சம் பார்க்கலாம். கார் கவிழ்ந்தால் தலையைக் காப்பாற்ற வேண்டியது, டிரைவர் தலைக்குப் பின்னால் இருக்கும் ரோல் ஹூப். இந்த விபத்தில் அது உடைந்து பிய்ந்துபோனது. அதற்குப் பிறகு தலைக்கும் தரைக்கும் நடுவில் இருந்தது ஹேலோ மட்டும்தான்: காக்பிட்டைச் சுற்றி வரும் டைட்டானியம் வளையம். 2018-ல் அதைக் கட்டாயமாக்கியபோது, காரின் அழகே போச்சுன்னு சொன்ன ரசிகர்கள் ஏராளம். ஒரு பாதுகாப்பு உடையும், அப்போ இன்னொண்ணு நிக்கணும் என்று யாரோ முன்கூட்டியே யோசித்து வைத்ததால் ஜோ பெரிய காயம் எதுவும் இல்லாமல் வெளியே வந்தார். ஹேலோதான் தன்னைக் காப்பாற்றியது என்று அன்றே சொன்னார். அடுத்த வாரம் ஆஸ்திரியாவில் மறுபடியும் காரில் ஏறினார். அந்த விபத்தைப் பார்த்து, 2023-ல் ரோல் ஹூப்புக்கான சோதனை விதிகளை எஃப்ஐஏ கடுமையாக்கியது. ஒரு ரேஸை முதல் திருப்பம் வரைக்கும்கூட ஓட்டாத நாளில்தான் அவர் எல்லா டிரைவர்களுக்கும் ஒரு மாற்றம் வரக் காரணமானார்.

ஷாங்காய், 20 வருஷம் கழித்து

சொந்த ஊர் ரேஸுக்கு அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. கோவிட் காரணமாக 2020 முதல் 2023 வரை சீன கிராண்ட் பிரீ நடக்கவே இல்லை. ஃபார்முலா 1-க்கு வந்து இரண்டு வருஷம் முடிந்தும் ஷாங்காயில் ஓட்ட வாய்ப்பில்லை. கடைசியில் 2024 ஏப்ரல் 21. டீம் இப்போது சாபர் என்ற பழைய பெயருக்குத் திரும்பியிருந்தது. கார் மெதுவான கார், சீசன் தொடக்கத்தில் பிட் ஸ்டாப்பில் சக்கரம் மாட்டுவதற்கே தடுமாறிய டீம். 16-ஆம் இடத்தில் தொடங்கி 14-ஆம் இடத்தில் முடித்தார். பாயிண்ட் கிடையாது.

ஆனா ரேஸ் முடிஞ்சதும், வழக்கமா முதல் மூன்று பேருக்குக் கிடைக்கிற மாதிரி, பிரதான கேலரிக்கு முன்னால் நேர்கோட்டிலேயே காரை நிறுத்த அவருக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்தாங்க. இறங்கி நின்று கூட்டத்தைப் பார்த்து அழுதார். கூட்டமும் அழுதது. 14-ஆம் இடம் வந்தவருக்கு இதெல்லாம் தேவையான்னு கேட்கலாம். அந்த கேலரியில் அன்னைக்கும் ஐந்து வயசுப் பசங்க உட்கார்ந்திருந்தாங்க. 2004-ல் ஜோ கைதட்ட ஒரு ஸ்பெயின்காரர்தான் இருந்தார். இவங்களுக்கு ஊர்க்காரர் ஒருத்தர் இருந்தார்.

கடைசி நான்கு பாயிண்ட்

2024 நவம்பரில் முடிவு தெரிந்தது: அடுத்த சீசனில் ஜோவும் இல்லை, போட்டாஸும் இல்லை. அதுவரை டீமின் மொத்தப் புள்ளி பூஜ்யம். வேலை போயாச்சு, கார் சரியில்லை, இன்னும் மூன்று ரேஸ் மட்டும் பாக்கி. நோட்டீஸ் பீரியட்ல இருக்கிறவங்க எப்படி வேலை பார்ப்பாங்கன்னு நமக்குத் தெரியும். டிசம்பர் 1, கத்தார். ஜோ 8-ஆம் இடம். நான்கு பாயிண்ட். அந்த வருஷம் சாபர் எடுத்த மொத்தப் புள்ளியே அந்த நான்குதான். பத்து கிராண்ட் பிரீ ஜெயித்த போட்டாஸ் அதே காரில் எடுத்தது பூஜ்யம்.

அதற்காக ஜோவைப் பெரிய சாம்பியன்னு சொல்ல வரலை. 2022-ல் கார் நன்றாக இருந்தபோது போட்டாஸ் எடுத்தது 49, ஜோ எடுத்தது 6. அந்த வித்தியாசத்தையும் சொல்லியாகணும். 2025-ல் அவருக்கு ரேஸ் சீட் இல்லை. ஃபெராரியின் ரிசர்வ் டிரைவராகப் போனார், சின்ன வயசில் விட்டு வந்த அதே ஃபெராரி.

நம்ம ஊரையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். இந்தியாவுக்கு ஃபார்முலா 1 டிரைவர்கள் இரண்டு பேர், கோவையின் நரேன், சென்னையின் கருண் சந்தோக். நரேன் 2005-லேயே ஓட்டிவிட்டார். டெல்லி பக்கத்தில் புத்த் சர்க்யூட் வந்தது 2011-ல். சீனாவில் டிராக் முதல், டிரைவர் பிறகு. நமக்கு டிரைவர் முதல், டிராக் பிறகு. இந்திய கிராண்ட் பிரீ மூன்று வருஷத்தில் நின்றது. 2012-க்குப் பிறகு இந்திய டிரைவர் யாரும் ஃபார்முலா 1 ரேஸ் ஓட்டவில்லை. முதல் ஆள் வந்துவிட்டால் இரண்டாவது, மூன்றாவது ஆள் தானாக வந்துவிட மாட்டார்கள். நடுவில் இருக்கிற கார்ட்டிங் டிராக், கோச், டீம் எல்லாம் சொந்த ஊரில் வளரணும். அடுத்த ஷாங்காய் பையனும் 12 வயசில் ஷெஃபீல்டுக்குப் போக வேண்டியிருக்குமா, இல்லை வீட்டிலிருந்தே ஆரம்பிக்க முடியுமா என்பதில்தான் ஜோவின் 16 பாயிண்டுக்கு என்ன மதிப்புன்னு தெரியும். அதுக்கு இன்னும் பத்து வருஷமாவது பொறுத்திருக்கணும்.