பெரிய கையும் சிறிய கையும்

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் போகும் சாலையில் இருக்கிறது எலவனாசூர்கோட்டை. அங்குள்ள அர்த்தநாரீசுவரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. ஒரு காலைப் பொழுது முழுவதும் அவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டிருந்தேன். கருவி சுட்டது. சட்டைப்பையில் சும்மா கிடந்ததும் ஆறிவிட்டது. உடன் வந்த நண்பர் கணிப்பொறி படித்தவர். "உள்ளே எட்டுப் பேர் உழைக்கிறார்கள், ஸார். எட்டுப் பேரும் ஒரே பலம் உள்ளவர்கள் அல்ல" என்றார்.

கல்யாணச் சமையலைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தலைமைச் சமையற்காரரைக் காய் நறுக்கச் சொன்னால் வேலை நடக்கும். ஆனால் அவர் கூலி வீண். நறுக்கும் பையனிடம் பாயசத்தை ஒப்படைத்தால் கூலி மிச்சம். ஆனால் பந்தி நிற்கும். கைப்பேசியின் பெரிய கை வேகமானது. மின்சாரத்தையும் அதிகமாகக் குடிக்கும். சிறிய கை மெதுவானது, சிக்கனமானது. எந்த வேலையை எந்தக் கைக்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி கணிப்பொறியைவிடப் பழையது. 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லே ஒரு காலத்தில் மனிதனைக் குறித்தது. கணக்குப் போடும் உத்தியோகஸ்தனைக் குறித்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1790-களில், தெ புரோனி என்னும் பொறியாளர் மிகப் பெரிய கணித அட்டவணைகளைத் தயாரிக்க மூன்று அடுக்காக ஆட்களை வைத்தார். மேலே ஐந்தாறு கணித மேதைகள். நடுவே ஏழெட்டுத் தேர்ந்த கணக்கர்கள். கீழே அறுபது முதல் எண்பது பேர். கடைசி அடுக்கில் பெரும்பாலோருக்குக் கூட்டலும் கழித்தலும் தவிர வேறு தெரியாது. வேடிக்கை என்னவென்றால், அதிகம் படித்தவர்களைக் காட்டிலும் அவர்கள்தாம் குறைவாகத் தவறினார்கள் என்று 1832-ல் சார்லஸ் பாபேஜ் எழுதி வைத்திருக்கிறார். சிறிய கை என்பது இழிந்த கை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நம் நாட்டிலும் அத்தகைய கணக்கர்கள் இருந்தார்கள். 1802-ல் லாம்ப்டன், சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை, முக்கோணம் முக்கோணமாக இமயம் வரை போயிற்று. களத்தில் கோணம் அளந்தவர்கள் சிலர். அந்த எண்களை வைத்துக்கொண்டு மேஜையில் மாதக்கணக்கில் மல்லாடியவர்கள் பலர். அவர்களில் ஒருவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். 1831-ல், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தவர். பிறகு தலைமைக் கணக்கராக உயர்ந்தார். பதினைந்தாம் சிகரம் என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்த மலையின் உயரத்தைக் கணித்தெடுத்தவர் அவரே. 1856-ல் 29,002 அடி என்று உலகத்துக்கு அறிவித்தபோது, மலைக்கு வைக்கப்பட்ட பெயர் எவரெஸ்ட். 1851-ல் வெளிவந்த நில அளவைக் கையேட்டின் முன்னுரையில் சிக்தாருக்கு நன்றி கூறியிருந்தார்கள். 1875-ம் ஆண்டுப் பதிப்பில் அந்தப் பெயரே இல்லை. அவர் இறந்து அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

மனிதக் கணக்கர்கள் மறைந்து இயந்திரங்கள் வந்தன. ஆளைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நாம் நம்புகிறோம் அல்லவா? வேலைகளைக் கொடுக்கும் வரிசை பொருந்தாவிட்டால், கூட்டிய இயந்திரத்தாலேயே வேலை நீளவும் கூடும் என்று 1966-ல் ரொனால்டு கிரகாம் நிரூபித்தார். அவர் எடுத்துக்கொண்டவை சமபலமுள்ள இயந்திரங்கள். பலம் வேறுபட்டவற்றுக்கு வேலை பங்கிடும் முறைகளை 1976-ல் ஹோரோவிட்சும், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த சர்தாஜ் சாஹ்னியும் ஆராய்ந்து எழுதினார்கள். 2011-ல் ஆர்ம் நிறுவனம் பெரிய கையையும் சிறிய கையையும் ஒரே சில்லில் சேர்க்கும் ஏற்பாட்டை அறிவித்தது. 2019-ல் லினக்ஸ் என்னும் இயக்க நிரல், மின்செலவையும் எண்ணிப் பார்த்துப் பங்கிடக் கற்றுக்கொண்டது.

அது செய்யும் நியாயத்தைக் கேளுங்கள். மிகப் பெரிய கையின் திறனை 1024 என்று வைத்து, மற்றவற்றுக்கு அதற்குத் தக்கபடி மதிப்புக் கொடுக்கிறது. ஒவ்வொரு வேலையும் அண்மையில் எவ்வளவு உழைப்புக் கேட்டது என்று இடைவிடாமல் கணக்கு வைக்கிறது. நேற்றைய பெருமைக்கு அங்கே மதிப்பில்லை. பழைய கணக்கு சில நூறு மில்லி விநாடிகளிலேயே தேய்ந்து போகும். ஒரு வேலை, தான் இருக்கும் கையின் திறனில் ஏறக்குறைய 80 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டால், அதற்கு அந்த இடம் போதாது என்று தீர்மானித்துப் பெரிய கைக்கு மாற்றுகிறது. வேலை சுருங்கினால் சிறிய கையே போதும் என்று திருப்பி அனுப்புகிறது.

திறன் சமமாக இல்லாத இடத்தில் வேலையைச் சமமாகப் பங்கிடுவது நியாயம் ஆகாது. இதை தெ புரோனியும் அறிந்திருந்தார். நில அளவை அதிகாரிகளும் அறிந்திருந்தார்கள். ஆனால் இயந்திரம் வேலையைத்தான் அளக்கிறது. அதையும் ஓயாமல் திரும்பத் திரும்ப அளக்கிறது. நாமோ மனிதனை ஒரு தடவை அளந்து, முத்திரை குத்தி, பிறகு அளவுகோலைத் தொலைத்துவிடுகிறோம். 30 ரூபாய்க் கணக்கர் மலையையே அளந்து காட்டிய பிறகும், பெயர் எழுதும் நேரத்தில் அவர் 30 ரூபாய்க் கணக்கராகவே நின்றுவிட்டார்.