திடலோரத்தில் நிற்பவர்

சனிக்கிழமை இரவானால் எங்கள் வட்டாரத்து மாமாக் கடையில் பெரிய திரையில் இங்கிலீஷ் லீக் ஓடும். எங்கள் மேசையில் ஐந்து பேர் உட்காருவோம். அதில் மூன்று பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். சில வாரங்களுக்கு முன்பு ஒரு குழுவின் பயிற்றுநர் நான்காம் நடுவரின் முகத்துக்கு நேரே போய்க் கத்தி, சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு வெளியேறினார். உடனே எங்கள் மேசையில் பட்டிமன்றம் தொடங்கிவிட்டது.

"அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறது மூளைக்கு லா, தொண்டைக்கு இல்ல," என்றார் ஒருவர்.

"உணர்ச்சியே இல்லாதவனுக்குப் பந்துகிட்ட என்ன வேலை? பேங்க்ல போய் உட்காரட்டும்," என்றார் இன்னொருவர்.

நான் தே தாரிக்கை ஆறவிட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது.

தமிழ்ப்பள்ளியில் காற்பந்துக் குழுவுக்குப் பல ஆண்டுகள் பொறுப்பாசிரியராக இருந்தவன் நான். ஒரு மாவட்டப் போட்டியில் எங்கள் பையன் ஒருவன் பெனால்டியை வெளியே அடித்துவிட்டான். பன்னிரண்டு வயது. கோட்டோரமாக நடந்துபோய் அவனைப் பார்த்து ஒரு வார்த்தை கத்தினேன். அந்த வார்த்தையை இங்கே எழுதப்போவதில்லை. பத்தடி தள்ளி அவனுடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். அடுத்த வாரம் பையன் பள்ளியில் இரவல் வாங்கிய பூட்ஸைக் கழுவிக் கொண்டுவந்து ஆசிரியர் அறை வாசலில் வைத்தான். "அம்மா டியூஷன் போகச் சொல்றாங்க சார்," என்றான். டியூஷன் எதுவும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

பயிற்றுநர் தன் உணர்ச்சியை அடக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியோடு பழைய ஆட்டங்களைப் புரட்ட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். திடலோரத்தில் எழுந்து நின்று கைவீசும் பயிற்றுநர் காற்பந்து விதிகளுக்குப் புதிய ஆள். ஆட்டம் நடக்கும்போது கோட்டோரத்திலிருந்து உத்தரவு கொடுப்பதை விதிகள் நீண்ட காலம் ஏற்கவில்லை. விசில் ஊதியபின் ஆட்டம் ஆட்டக்காரர்களுடையது என்பதுதான் அதன் பொருள். 1993இல்தான் பயிற்றுநருக்கென்று ஒரு கட்டம் விதிப்புத்தகத்துக்குள் வந்தது. இருக்கைகளுக்கு இரண்டு பக்கமும் ஒரு மீட்டர். முன்னால், பக்கக்கோட்டுக்கு ஒரு மீட்டர் இருக்கும்போதே நின்றுவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே உத்தரவு சொல்லலாம். 2019 ஜூன் முதல் பயிற்றுநர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகள் வந்தன. அந்த விதியில் ஒரு சுவாரசியம் உண்டு. கட்டத்துக்குள் தப்பு செய்தது யாரென்று அடையாளம் தெரியாவிட்டால், அட்டை அங்கிருக்கும் மூத்த பயிற்றுநருக்கே போகும். அடுத்தவர் கோபத்துக்கும் அவரே பொறுப்பு.

அந்தக் கட்டத்துக்குள் நிற்பவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆட்டக்காரனுக்குக் கோபம் வந்தால் ஓடலாம், பந்தை உதைக்கலாம். ரசிகனுக்கு வந்தால் பாடலாம், திட்டலாம், பாதியில் எழுந்து வீட்டுக்குப் போகலாம். பயிற்றுநருக்கு இதில் எதுவும் கிடையாது. வாரம் முழுக்கச் செய்த வேலையின் பலன் கண்ணெதிரே நடக்கும். அதைத் தொட முடியாது. தோற்றால் வேலை போவது மட்டும் அவருடையது.

இந்த இடத்தில் நின்றவர்களில் ஸ்காட்லாந்தின் ஜோக் ஸ்டெய்னை மறக்க முடியாது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, பிறகு காற்பந்துக்கு வந்தவர். 1967இல் லிஸ்பனில் இத்தாலியின் இண்டர் குழுவை 2-1 என்று வென்று, செல்டிக் குழுவுக்கு ஐரோப்பியக் கிண்ணத்தை வாங்கித் தந்தவர். 1985 செப்டம்பர் 10ஆம் தேதி இரவு, அவருடைய ஸ்காட்லாந்து தேசியக் குழு கார்டிஃப் நகரின் நினியன் பார்க் அரங்கில் வேல்ஸோடு மோதியது. உலகக் கிண்ணத்துக்கான வாய்ப்பு உயிரோடு இருக்க ஒரு சமநிலை போதும். ஆனால் 13ஆவது நிமிடத்திலேயே மார்க் ஹியூஸ் வேல்ஸுக்குக் கோல் போட்டுவிட்டார்.

இடைவேளையில் இன்னொரு இடி. கோல்காவலர் ஜிம் லைட்டன் தன் கண்ணில் போடும் லென்ஸைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னார். அவர் லென்ஸ் அணிகிறார் என்பதே ஸ்டெய்னுக்கு அன்றுதான் தெரியும். லைட்டனின் சொந்தக் குழுவான அபர்டீனின் பயிற்றுநரும், அன்று ஸ்டெய்னுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவருமான அலெக்ஸ் ஃபெர்குசனுக்கும் தெரியாது. கோல்காவலரை மாற்றினார்கள். இரண்டாம் பாதியில் ஸ்டெய்ன் டேவி கூப்பரை உள்ளே அனுப்பினார். 81ஆவது நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது. கூப்பர் அடித்தார், 1-1.

ஆட்டம் முடியும் தறுவாயில் நடுவர் ஒரு ஃப்ரீ கிக்குக்கு விசில் ஊத, அதை ஆட்ட முடிவு என்று நினைத்து ஸ்டெய்ன் எழுந்தார் என்று உடனிருந்தவர்கள் சொல்கிறார்கள். எழுந்தவர் சரிந்தார். அரங்கின் மருத்துவ அறைக்குத் தூக்கிப்போனார்கள். அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 62. ஃபெர்குசன் பொறுப்பேற்று, ஆஸ்திரேலியாவை வென்று, அந்தக் குழுவை 1986 மெக்சிகோ உலகக் கிண்ணத்துக்கு அழைத்துப்போனார்.

ஸ்டெய்னுக்கு இதய நோய் ஏற்கெனவே இருந்தது. ஆட்டம்தான் அவரைக் கொன்றது என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. 2001 அக்டோபரில் லிவர்பூல் பயிற்றுநர் ஜெரார் ஹூலியே இடைவேளையில் நெஞ்சு வலிக்கிறது என்றார், மகாதமனி கிழிந்திருந்தது, அறுவை சிகிச்சை பதினொரு மணி நேரம் நடந்தது. அவர் பிழைத்து, ஐந்து மாதத்தில் திரும்பி வந்து நின்றதும் அதே திடலோரத்தில்தான். "அடக்கிக்கோ" என்று மாமாக் கடையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். அடக்கியது எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்?

அடக்காமல் விட்டவர்களின் கதை வேறு. 1989 ஜனவரி 18. நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் லீக் கிண்ணக் காலிறுதியில் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை 5-2 என்று துவைத்தெடுத்தது. தோல்வியால் வந்த கோபம் அங்கே இல்லை. வெற்றிக் களிப்பில் ரசிகர்கள் திடலுக்குள் ஓடி வந்தார்கள். பயிற்றுநர் பிரயன் கிளஃப் அவர்களில் சிலரை அறைந்தார். அவர் குழுவின் சொந்த ரசிகர்கள்! தொலைக்காட்சி எல்லாவற்றையும் காட்டியது. காற்பந்துச் சங்கம் 5,000 பவுண்டு அபராதம் போட்டது. பருவம் முடியும்வரை திடலோரத்தில் நிற்கத் தடை விதித்தது. அடி வாங்கியவர்களைக் கிளஃப் பிறகு நேரில் சந்தித்து, கன்னத்தில் முத்தம் கொடுத்துச் சமாதானம் ஆனார். ஊர் சிரித்துக்கொண்டே மன்னித்தது. கிளஃப் பெரிய மனிதர், அடி வாங்கியவர்கள் சாதாரணப் பையன்கள் என்பதால்தான் அந்த மன்னிப்பு அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இதோடு ஆர்சன் வெங்கரை வைத்துப் பாருங்கள். 2009 ஆகஸ்டில் ஓல்ட் டிராஃபர்டில், கடைசி நேரத்தில் ஆர்சனல் போட்ட கோல் ஆஃப்சைட் என்று மறுக்கப்பட்டது. வெங்கர் காலடியில் கிடந்த தண்ணீர் போத்தலை உதைத்தார். நடுவர் வெளியேறச் சொன்னார். போய் உட்கார இடமில்லாமல், மான்செஸ்டர் ரசிகர்கள் சூழ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. பிறகு நடுவர்களின் தலைவரே வருத்தம் தெரிவித்தார். வெங்கருக்கும் கோபம்தான். அடி வாங்கியது ஒரு பிளாஸ்டிக் போத்தல், அவ்வளவுதான்.

கார்டிஃபில் ஸ்டெய்ன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபெர்குசன், பிறகு உலகத்திலேயே பேர்போன கோபக்காரர் ஆனார். அவர் கோபத்தில் கணக்கும் இருந்தது. ஆட்டம் முடியும் நேரத்தில் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவாரே, அது எதிரணியைக் கலங்கடிக்கச் செய்த தந்திரம் என்று பின்னாளில் அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் கணக்கு எப்போதும் கையில் நிற்பதில்லை. 2003 பிப்ரவரியில் ஆர்சனலிடம் தோற்றபின், உடைமாற்றும் அறையில் அவர் உதைத்த பூட்ஸ் பறந்துபோய் டேவிட் பெக்கமின் புருவத்துக்கு மேல் பட்டது. தையல் போட வேண்டியதாயிற்று. அந்தக் கோடையிலேயே பெக்கம் போய்விட்டார்.

பெக்கம் போன இடம் ரியல் மாட்ரிட். என் பையனுக்குப் போக இடம் இல்லை.

இங்கிலாந்துக் கதைகளே போதாது. நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. 2010 டிசம்பர் 26, புக்கிட் ஜாலில் அரங்கம். தென்கிழக்காசிய வெற்றியாளர் கிண்ணத்தின் முதல் சுற்று இறுதியாட்டம். மலேசியாவின் பயிற்றுநர் நம்ம கே. ராஜகோபால். எதிரே இந்தோனேசியாவின் பயிற்றுநர், ஆஸ்திரியாக்காரரான ஆல்ஃபிரட் ரீடல். ராஜகோபால் அதிர்ந்து பேசாதவர் என்று பெயர் எடுத்தவர். ரீடலோ சிரிக்கவே தெரியாதவர் என்று பெயர் எடுத்தவர்.

அதே மாதம் 1ஆம் தேதி ஜாகர்த்தாவில் இந்தோனேசியா நம்மை 5-1 என்று நொறுக்கியிருந்தது. அந்த ஒரு ஆட்டத்துக்காகப் பயிற்றுநரைத் தூக்கச் சொன்னவர்கள் எங்கள் மேசையிலேயே இருந்தார்கள். இறுதியாட்டத்தின் இரண்டாம் பாதியில், நம் ரசிகர்கள் சிலர் இந்தோனேசிய ஆட்டக்காரர்களின் கண்ணில் லேசர் விளக்கை அடித்தார்கள். அவர்கள் ஆட மறுத்துத் திடலைவிட்டு வெளியே வந்தார்கள். சில நிமிடம் ஆட்டம் நின்றது. மீண்டும் தொடங்கியபின், 61ஆவது நிமிடத்திலிருந்து 73ஆவது நிமிடத்துக்குள் மலேசியா மூன்று கோல் போட்டது. சஃபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று. மூன்று நாள் கழித்து ஜாகர்த்தாவில் 2-1 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2. மலேசியா முதன்முறையாக அந்தக் கிண்ணத்தைத் தூக்கியது. டிசம்பர் 31ஆம் தேதி நாட்டுக்கே விடுமுறை விட்டார்கள்.

அந்தக் கோல்களுக்கு நானும் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். லேசர் நமக்குப் பெருமை இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த இரவில் கட்டுப்பாடு இழந்தது இருக்கைகளில் இருந்தவர்கள். கத்தலாம், குதிக்கலாம், அடுத்தவன் கண்ணில் அடித்தது தப்பு.

ரீடலுக்கு அது இரண்டாவது வலி. 1998இல் அவர் வியட்நாமின் பயிற்றுநராக இருந்தபோது, ஹனோயில் நடந்த இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் அவரை 1-0 என்று வென்றது. அந்தக் கோல் ஆர். சசிகுமாருடையது. 2016இல் மறுபடியும் இந்தோனேசியாவோடு இறுதிக்கு வந்து தாய்லாந்திடம் தோற்றார். மூன்று இறுதியாட்டங்கள், மூன்றிலும் கிண்ணம் எதிர்ப்பக்கம். இந்தச் சிரிக்காத மனிதருக்கு 2007இல் மாற்றுச் சிறுநீரகம் தேவைப்பட்டது. அப்போது, என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வியட்நாம் ரசிகர்கள் பலர் முன்வந்தார்கள். முகத்தில் ஒன்றும் காட்டாதவர் மேல் இவ்வளவு பாசம் எப்படி வந்தது? அவர் தங்களுக்காக நிற்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்குச் சிரிப்பும் தேவைப்படவில்லை, கத்தலும் தேவைப்படவில்லை.

ஆகவே என் பதில் இதுதான். பயிற்றுநர் உணர்ச்சியைக் காட்டலாமா, கூடாதா என்பது சரியான கேள்வியே இல்லை. அது யார்மேல் போய் விழுகிறது என்று கேட்க வேண்டும். போத்தல் மேல் விழுந்தால் விளையாட்டு. தன் நெஞ்சுக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தால், யாராவது ஒருவர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தன்னைவிடச் சின்னவன் மேல், திருப்பிப் பேச முடியாதவன் மேல் விழுந்தால், அதற்கு ஆர்வம், வெறி, வெற்றித் தாகம் என்று என்ன பெயர் வைத்தாலும் அது அடிதான். அட்டை காட்ட நடுவர் இல்லாத திடல்களில்தான் அது அதிகம் நடக்கிறது.

போன ஆண்டு ஒரு திருமண வீட்டில் அந்தப் பையனைப் பார்த்தேன். பையன் என்ன, நாற்பதைத் தொட்டுவிட்டான். "வணக்கம் சார்," என்று அவனாகவே வந்து, பக்கத்திலிருந்த மகனை அறிமுகம் செய்தான். மகன் பள்ளிக் குழுவில் ஆடுகிறானாம்.

"ஆட்டம் பார்க்கப் போவியாப்பா?"

"இல்ல சார். வாசல்ல விட்டுட்டு வந்துருவேன். உள்ள போனா நானும் கத்திருவேனோன்னு பயமா இருக்கு."

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து போவதற்கு முன் அவன் தோளைத் தொட்டேன்.

"போய் நில்லுப்பா. அவன் உன்னத் தேடுவான். கத்தணும்னு வந்தா வானத்தப் பார்த்துக் கத்து."